தாளாளர் ஐயாவும் தெருவுக்கு வரட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிறிஸ்தவப் பள்ளிகளில் சேர்க்கை கூடாமல் போவதற்குக் காரணம் காலமா, தலைமையா? தலைமைதான்.

எதிரணி அக்கா பேசும்போது, "தாளாளர் என்ன, மே மாத வெயிலில் பிள்ளை பிடிக்கவா போவார்?" என்று ஒரு போடு போட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அக்கா, டீச்சர்கள் போகிறார்களே! கையில் நோட்டீஸ், தலையில் முந்தானை, நாய் குரைக்கிற வீட்டிலும் நின்று "பிள்ளையை நம்ம ஸ்கூல்ல சேருங்கம்மா" என்று கெஞ்சுகிறார்கள். அரசு சம்பளம் தருகிற உதவிபெறும் பள்ளியில் ஆகஸ்ட் 1 கணக்கில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகிவிடும், ஒரே டீச்சர் பல வகுப்பைப் பார்க்க வேண்டிவரும், அதைப் பார்த்து இருக்கிற பிள்ளைகளும் டிசி வாங்கிக்கொண்டு போகும்.

சரி, அப்படி ஒரு டீச்சர் கூப்பிட்டு ஒரு அம்மா வந்தார். பள்ளி பெயர் வேண்டாம். பீடி சுற்றுகிறவர். நகைக்கடைப் பையில் ஆதார் ஜெராக்ஸ், பிறப்புச் சான்றிதழ், பக்கத்தில் பவுடர் போட்ட பாப்பா.

"சார், ரெண்டாம் கிளாஸ் இங்கிலீஷ் மீடியம் இந்த வருஷம் நடக்குமா?"

"தாளாளர்தாம்மா சொல்லணும்."

"அவரு எங்க?"

"பழையவர் போயிட்டார், புதியவர் இன்னும் வரலை."

"எப்ப வருவாரு?"

"திருமண்டலத் தேர்தல் கேஸ் முடியணும்மா."

திருமண்டலம் என்றால் பள்ளிகளை நடத்துகிற சபை நிர்வாகம், அதன் தேர்தல் வழக்கில் கிடந்தால் தாளாளர் நாற்காலியும் காலிதான். நடுவர் அவர்களே, அந்த அம்மா என்ன கேட்டார்? வகுப்பு நடக்குமா, நடக்காதா. அவ்வளவுதான்! பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியரும் 'பொறுப்பு', அவருக்கும் அதிகாரம் இல்லை. அடுத்த வாரமும் வந்தார், அதே பவுடர், அதே பை, அதே பதில். ஜூனில் பாப்பா வேறு ஸ்கூல் வேனில் ஏறிவிட்டது, அம்மா அந்தப் பீஸுக்காக ராத்திரியும் பீடி சுற்றுகிறார். வாசல் வரை வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பியது காலமா அக்கா?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை என்றீர்கள். உண்மைதான், அநியாயம்தான். அதற்காகப் போராட வேண்டியது யார்? காலை உணவுத் திட்டம் 2024-இல் கிராமத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025-இல் நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, அதை எத்தனை நிர்வாகம் தெருவில் போய்ச் சொன்னது? 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடுத்த வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், பெற்றோரைத் தேடிப் போகாமலா அந்தப் பிள்ளைகள் வந்திருப்பார்கள்?

எங்கள் ஆச்சி மிஷன் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், ஆனால் டீச்சரம்மா வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பட்டாளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வருகிற கடிதம் எல்லாவற்றையும் எங்கள் தெருவுக்கு வாசித்துச் சொன்னது ஆச்சிதான். மகன் செத்த செய்தியையும் ஒரு தாய்க்கு ஆச்சிதான் வாசித்தார், வாசித்துவிட்டு அந்தத் தாயோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அந்த எழுத்தைக் கொடுத்தது ஓடு போட்ட ஒரு மிஷன் பள்ளி. அதை நாற்காலிச் சண்டைக்காகப் பூட்டப் பார்க்கிறீர்களே, வயிறு எரிகிறது ஐயா!

முன்வரிசையில் நிர்வாகிகள் சிலர் இருக்கிறீர்கள். வருகிற மே மாதம் டீச்சர்களோடு நீங்களும் தெருவுக்கு வாருங்கள், முதலில் அந்தப் பீடி சுற்றுகிற அம்மா வீட்டுக்குப் போவோம், வழி நான் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.