கப்பி மீன் ஏன் சிறுத்துப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர்களில் முப்பது வருசத்துக்கு மேல் தபால் கொடுத்தவன் நான். தபால்காரனுக்கு எல்லா வீட்டுத் தார்சாவும் தெரியும், பல வீட்டுப் புறவாசலும் தெரியும். புறவாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தால் என் கண் முதலில் அதற்குள்தான் போகும். அதில் கப்பி மீன் ஓடினால் நான் இரண்டு நிமிடம் நின்றுவிடுவேன். இந்த மீனைத் தெரியாதவர்கள் நம் பக்கம் குறைவு. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் கொண்டுவந்து விடுகிறார்களே, அதே மீன்தான்.

இத்தனை வருசமாக என்னிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. ‘கடையில் பார்க்கும்போது பெரிசா இருக்கு, நம்ம வீட்டில் பிறந்தது மட்டும் ஏன் இப்படிச் சுண்டிப் போச்சு?’

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய நாலு வாரம் வயிற்றில் சுமந்து போடுகிற அந்தக் குட்டி ஓர் அரிசி மணி நீளம்தான் இருக்கும். நன்றாக வளர்ந்த ஆண் 3 சென்டிமீட்டர், பெண் 5 சென்டிமீட்டர் வரை வரும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஓர் ஊறுகாய் பாட்டில்.

ஓர் ஆவணி மாதம் என் வீட்டுப் பெண் கப்பி ஒன்று நாற்பது குட்டி போட்டது. நான் தபால் கொடுக்கும் தெருவில் ஓர் ஆச்சிக்குப் பாதி கொடுத்தேன். இரண்டு வீடு தள்ளி ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அவனுக்குப் பாதி. ஒரே தாய், ஒரே நாள் பிறப்பு, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி முருங்கை நிழலில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டார். தண்ணீர் லேசாகப் பச்சை பாய்ந்திருக்கும், கொசுப்புழு நெளியும், பாத்திரம் கழுவ மொண்டு மொண்டு புதுத் தண்ணீரும் விழுந்துகொண்டே இருக்கும். பையன் தன் இருபதையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான்.

கார்த்திகையில் பையன் என் சைக்கிளை மறித்தான். “மாமா, ஆச்சிக்கு மட்டும் வேற ஜாதி குடுத்துட்டியளா?”

போய்ப் பார்த்தேன். பாட்டிலில் எட்டுதான் மிச்சம். அவனுடைய ஸ்கேலைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து அளந்தோம். அவனுடைய ஆண் வாலோடு சேர்த்து 2 சென்டிமீட்டர், ஆச்சி வீட்டு ஆண் 3. பையன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காருகுறிச்சியில் வாய் அகன்ற மண்தொட்டி ஒன்று வாங்கி வந்து, அந்த எட்டையும் அதில் விட்டு, ஆச்சி தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அதே நிழல், அதே தண்ணீர், அதே கொசுப்புழு.

இரண்டு மாதம் கழித்து அளந்தோம். பெண் மீன்கள் மளமளவென்று ஏறி, ஆச்சி வீட்டு மீன்களைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டன. ஆண்கள் நூலளவும் வளரவில்லை. ஆச்சி, “ஏய்யா, இவனுக மட்டும் ஏன் வளர மாட்டேங்கு?” என்றார். பதிலைத் தேடிப் படித்தேன்.

கப்பி ஆணுக்குப் பருவம் வரும்போது வயிற்றின் கீழிருக்கும் விசிறி மாதிரித் துடுப்பு ஒடுங்கி ஒரு குச்சியாக மாறும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அது குச்சியாகி முடிந்த நாளோடு ஆணின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். பெண்ணுக்கு அப்படி இல்லை. பருவம் வந்த பிறகும், குட்டி போட்டுக்கொண்டேயும் அது வளரும். தீனி குறைந்தால் ஆணுக்குப் பருவம் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் உடம்பு தேறும்வரை அது காத்திருப்பதில்லை, சின்ன உடம்போடேயே முடிந்துவிடும். ஆக ஆண் கப்பிக்கு முதல் இரண்டு மூன்று மாதம்தான். திரும்பச் சொல்கிறேன், முதல் இரண்டு மூன்று மாதம்தான். அதற்கப்புறம் என்ன கொட்டினாலும் கொழுக்குமே தவிர நீளாது.

சரி, தொட்டி பெரிசாக இருந்தால் மீன் பெரிசாகுமா? மீன் தொட்டியை அளந்து பார்த்து வளர்வதில்லை. சின்னப் பாத்திரத்தில் மீன் கழிவு சீக்கிரம் நிறைந்து தண்ணீர் கெடும். கெட்ட தண்ணீரில் பசி எடுக்காது, தின்றதும் உடம்பில் ஒட்டாது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். குட்டிகளுக்கு இரை ஒரே நேரத்தில் அள்ளிப் போட வேண்டாம், அதன் வயிறு கடுகளவு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஊசிமுனையளவு, நாளைக்கு மூன்று நாலு தடவை. மிஞ்சினால் எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. இந்த மீனின் சொந்த ஊர் டிரினிடாட், வெனிசுலா பக்கம். டிரினிடாடில் ராபர்ட் கப்பி என்பவர் பிடித்து லண்டனுக்கு அனுப்பினார், அதனால்தான் இந்தப் பெயர். அங்கேயும் நம் அகத்தியர் அருவி மாதிரி ஆறுகளில் அருவிகள் உண்டு. அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள், மேலே அவை ஏற முடியாது. கீழே இருக்கும் கப்பி சீக்கிரம் பருவமடைந்து சின்னதாகவே நிற்கும், மேலே இருப்பது நிதானமாக வளர்ந்து பெரிசாகும். 1976இல் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் அரிப்போ ஆற்றில் கீழேயிருந்த கப்பிகளை மேலே, முன்பு கப்பியே இல்லாத ஓடையில் விட்டார். டேவிட் ரெஸ்னிக் அவற்றைத் தொடர்ந்து கவனித்தார். 11 வருசத்தில் அந்த வம்சம் தாமதமாக, பெரிய உடம்போடு பருவமடையும் வம்சமாக மாறியிருந்தது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில், வளர்வதற்கு மீன் நாள் செலவழிப்பதில்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்புறம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக, தண்ணீர் சூடானால் மீன் வேகமாக வளர்ந்து, வேகமாகப் பருவமடைந்து, சின்னதாக நின்றுவிடும். சித்திரை வெயிலில் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். அப்புறம், ஆண்கள் ஓயாமல் துரத்தினால் பெண்ணுக்குச் சரியாக இரை எடுக்க முடியாது. துடுப்பு ஒடுங்கத் தொடங்கும்போதே ஆணைத் தனியே பிரித்துவிடுங்கள். மிஞ்சிய குட்டிகளைக் கன்னடியன் கால்வாயிலோ தாமிரபரணியிலோ கொட்ட வேண்டாம், நம் ஆற்று மீனுக்கு அது நல்லதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், பாட்டிலில் விடாதே என்று சொல்லிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.