நின்ற மெஷினும் வராத ஆளும்

நேயர்களுக்கு வணக்கம். மாணவர் விடுதிகளில் பலரும் பகிர்ந்துகொள்ளும் வாஷிங் மெஷின்களுக்காக ஒரு கைபேசிச் செயலியை வடிவமைத்த அனுபவத்தைச் சொல்லும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். காட்பாடிப் பக்கம் ஒரு விடுதி. தரைத்தளத்தில் ஒரு சலவை அறை. அதில் நான்கு மெஷின்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட்டும் சோப்புத்தூளுமாக மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, நான்கும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் படியேறும் மாணவர்களுக்கு, எது காலி என்பதை அவரவர் அறையிலேயே காட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம்.

இந்த ஆசை பழையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், நடந்து போய்க் காலிக் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள், 1991-இல் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் மேசையிலேயே பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் இணையத்துக்கும் வந்த அந்தக் கேமரா 2001 வரை இயங்கியது. சலவை அறையில், அதிலும் பெண்கள் விடுதியில், கேமரா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே மெஷின் இழுக்கும் மின்சாரத்தை அளந்தோம். தண்ணீரைச் சூடாக்கும்போது ஓர் அளவு, டிரம் சுழலும்போது ஓர் அளவு, பிழியும்போது வேறோர் அளவு. வேலை முடிந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மின்சாரம் விழுந்தால் துவைத்தாயிற்று என்று எழுதிவைத்தோம்.

மார்கழியில் சரியாக ஓடிய இந்தக் கணக்கு சித்திரையில் கவிழ்ந்தது. மேல்தொட்டி காலியானால் மெஷின் தண்ணீருக்காகக் காத்து நிற்கிறது. டிரம் சுழலாததால் மின்சாரமும் விழுகிறது. செயலி ‘முடிந்தது’ என்று அறிவிக்க, இறங்கி வந்த மாணவர் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நுரையோடு கிடக்கும் தம் துணியைப் பார்த்தார். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பிறகு, கடைசிப் பிழிதலுக்கே உரிய நீண்ட ஏற்றம் தெரிந்த பின்பு விழும் மின்சாரத்தை மட்டுமே முடிவாக எடுத்துக்கொண்டோம்.

மீதி நிமிடங்களைக் காட்டுவதையும் கைவிட்டோம். ஈரமான ஜீன்ஸ் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால், மெஷின் பிழிவதை நிறுத்தித் துணியைப் பரப்பிவிட்டு மீண்டும் முயலும். அதன் ஒரு நிமிடம் நம்முடைய ஒரு நிமிடம் அல்ல.

இவ்வளவும் சரியான பிறகுதான் உண்மையான தாமதம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. மெஷின் நின்றுவிட்டது, துணி உள்ளே கிடக்கிறது, உரியவர் வகுப்பிலோ தூக்கத்திலோ இருக்கிறார். அடுத்தவர் அதைத் தொடவும் கூசுகிறார், விட்டுப் போகவும் மனமில்லை. எனவே ‘ஓடுகிறது’, ‘காலி’ என்ற இரண்டோடு, ‘நின்றது, துணி எடுக்கவில்லை’ என்ற மூன்றாவது நிலையையும் சேர்த்தோம். கதவில் ஒட்டிய சிறு காந்த உணரி, கதவு திறந்ததைச் சொல்லும். காத்திருப்பவர் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உரியவருக்குச் செய்தி போகும். யார் அழுத்தினார் என்பது உரியவருக்கும், யாருடைய துணி என்பது அழுத்தியவருக்கும் தெரியாது. முன்பதிவு வேண்டும் என்று பலர் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். பதிவு செய்தவர் வராவிட்டால், காலி மெஷினைச் சுற்றி ஆட்கள் காத்து நிற்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு யோசனை மட்டும் எங்களுடையது அல்ல. அறையைப் பெருக்க வரும் அக்கா ஒருநாள், “ஏன் தம்பி, எனக்கு இந்த போன்லாம் பார்க்கத் தெரியாது. நின்னுபோனா ஒரு லைட்டு எரியற மாதிரி வெச்சா, நானே துணியை எடுத்து பக்கெட்டுல போட்டு வைக்க மாட்டேனா?” என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. மெஷின் நின்று, துணி எடுக்கப்படாமல் கால் மணி நேரம் ஆனால் அது எரியும். மாணவர்களில் பாதிப் பேர் செயலியைத் திறப்பதில்லை. கதவருகே நின்று விளக்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.