ஒறம்பரை கூடத் தோட்டமே: பட்டிமன்றத்தில் தோட்டத்து அணியின் உரை

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கிற மண்டபத்து அணிக்கும், முன்வரிசையில துண்டை மடியில போட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கும், அம்மணிகளுக்கும் வணக்கமுங்க.

"ஒறம்பரை கூடி நோம்பி கொண்டாட ஏற்ற இடம் தோட்டமா, மண்டபமா?" இதுதான் தலைப்பு. ஒறம்பரைன்னா நம்ம கொங்குப் பேச்சுல சொந்தபந்தம், நோம்பின்னா பண்டிகை. எனக்கு முன்னாடி மண்டபத்துக்காகப் பேசுன அக்கா மூணு கேள்வியைப் போட்டுட்டு உட்கார்ந்துட்டாங்க. 80 பேர் வந்தா தோட்டத்துச் சாலையில, அதான் தோட்டத்து வீட்டுல, இருக்கிற ஒத்தக் கக்கூஸை வெச்சு என்னங்க பண்ணுவீங்க? தோட்டத்துல கூட்டம்னா பொம்பளைங்க மட்டும் அடுப்படியில வேகணுமா? மண்ணைப் பார்த்தாலே பங்காளிகளுக்குப் பங்கு ஞாபகம்தானே வரும்? மூணும் நல்ல கேள்வி. கைதட்டும் வாங்கிட்டாங்க. பதில் சொல்லாம நான் எறங்கப் போறதில்லைங்க.

மண்டபத்துல என்ன நடக்குதுங்க? கார் நிக்குது, வாசல்ல பன்னீர் தெளிக்கிறாங்க, யாரோட வந்தோமோ அவங்க பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிறோம். பந்தி, போட்டோ, தேங்காய்ப் பை, கெளம்பியாச்சு. பெரியப்பா பேரனும் சின்னத்தாத்தா பேத்தியும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டாலும் பேரு தெரியாமயே எந்திரிச்சுப் போறாங்க. புள்ளைங்களைக் குத்தம் சொல்லாதீங்க. கையில வேலை இல்லாத எடத்துல மனுசன் போனைத்தான் எடுப்பான். எங்க அணி சொல்ல வர்றதே இவ்வளவுதானுங்க: சொந்தத்தைப் பேச வெக்கிறது வேலை. அந்த வேலை தோட்டத்துல கெடக்குது, மண்டபத்துல அதைக் காசு குடுத்து மத்தவங்க கையில குடுத்துட்டோம்.

சந்தகையை எடுத்துக்குங்க, அரிசி மாவை வேக வெச்சுப் புழியற இடியாப்பம் மாதிரிப் பலகாரம். 80 பேருக்குக் காலைப் பலகாரம் சந்தகைன்னா 10 முதல் 12 கிலோ இட்லி அரிசி வேணும். 4 மணி நேரம் ஊறணும், தண்ணி அளவாத் தெளிச்சு கெட்டியா, நைசா ஆட்டணும், புளிக்க விடக் கூடாது. கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குது, ஆனா வீட்டு 2 லிட்டர் கிரைண்டர்ல ஒரு ஈடுக்கு ஒரு கிலோ சொச்சம்தான் ஆடும். ஒரே வீட்டுல ஆட்டுனா விடிஞ்சிரும். அதனால நாலு வீட்டுக்குப் பிரிச்சு விடுவாங்க. காலையில நாலு வீட்டு மாவும் வந்து எறங்கும்போது ஒரு தூக்குப்போசி மாவு மட்டும் மோர் மாதிரி ஆடும். அது எந்த வீட்டு மாவுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் தெறக்க மாட்டாங்க. அந்த மாவை அப்படியே வேக வெச்சா இழை ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். வடச்சட்டியில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கெளறி, கையில ஒட்டாத பதம் வந்த பொறகு உருட்டி வேக வெச்சாத்தான் தப்பிக்கலாம்.

அப்புறம் புழியற வேலை. மூணுகால் மெசின்ல ஒருத்தர் கைப்புடியைச் சுத்தணும், ஒருத்தர் மெசின் காலை மிதிச்சு நிக்கணும், ஒருத்தர் கீழே வாழையெலையைக் காட்டி இழையை வட்டமா வாங்கணும், இன்னொருத்தர் வெந்த மாவைச் சுடச்சுட எடுத்துட்டு ஓடி வரணும். இட்லிக் குண்டாவுக்கும் மெசினுக்கும் நடுவுல 10 அடிக்கு மேல போகக் கூடாதுங்க. ஆறுன மாவு இறுகிப் போகும், சுத்தறவர் தோள்பட்டை கழண்டாலும் இழை எறங்காது. மொரட்டுத்தனமா அழுத்துனா அச்சுத் தட்டு வளைஞ்சுக்கும். ரெண்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத பங்காளிகளைப் புடிச்சு, ஒருத்தரைச் சுத்த விடுங்க, ஒருத்தரைக் காலை மிதிக்கச் சொல்லுங்க. "புடி", "சுத்து", "போதும்"னு மூணு வார்த்தையாவது பேசித்தானே ஆகணும்? அதே ஆளுங்க மண்டபத்துல வேற வேற பந்தியில சாப்பிட்டுட்டு, வேற வேற கதவு வழியாப் போயிருப்பாங்க.

தேங்காய்ப் பாலுக்கு 16 முதல் 20 தேங்காய். வெல்லப்பாகை ஆறவெச்சுத்தான் பால்ல ஊத்தணும், கொதிக்கக் கொதிக்க ஊத்துனா திரிஞ்சு போகும். துருவற வேலையை யாருக்குக் குடுக்கணும்ங்கறதைப் பின்னாடி சொல்றேன்.

ராத்திரிக்கு அரிசிம்பருப்பு, அரிசியும் பருப்பும் ஒண்ணா வேகற சோறு. 8 கிலோ அரிசிக்கு இரண்டரை கிலோ துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் தாராளமா. நம்ம ஊருல இது கெட்டுப் போறதுக்கு ஒரே காரணம் தண்ணிங்க. ஆயிரம் அடி போர்த் தண்ணி பெரும்பாலும் உப்புத் தண்ணி, அதுல இருக்கிற சுண்ணாம்பு பருப்பை இறுக்கிப் புடிச்சுக்கும், வேகவே வேகாது. அரிசி கொழைஞ்சு, பருப்பு கல்லா நிக்கும். நல்ல தண்ணி 100 லிட்டர் தனியாக் கொண்டு வந்து, பருப்பை முன்னாடியே ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, முக்கால் வேக்காடு ஆன பொறகுதான் அரிசி. தக்காளியும் கடைசியில, ஏன்னா புளிப்பும் பருப்பை வேக விடாது. வெறகுக்குத் தென்னை மட்டையை மட்டும் நம்பாதீங்க. குப்புன்னு எரிஞ்சு பொசுக்குன்னு அமரும். பத்த வெக்கப் பன்னாடையும் மட்டையும், நின்னு எரியச் சீமைக்கருவேலம்.

எப்பக் கூடறதுங்கறதுலயே பாதிப் பேர் கோட்டை விட்டுடறாங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல வெளி அடுப்பு வெச்சா, தீ போசியைத் தொடாம பக்கவாட்டுலயே ஓடும். அடுப்புக்கு மேக்கால ஒரு செவுரு இருக்கணும், இல்லைன்னா குழி வெட்டி அடுப்பு போடணும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு, அதான் மானாவாரி மேய்ச்சக்காடு, ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி. கொழுக்கட்டைப் புல்லு முட்டி வரைக்கும் நிக்கும். சித்திரையில போனா வெள்வேல மரத்து நெழல்ல ஆடு நிக்கும், நாம வெயில்ல நிக்கணும். பொள்ளாச்சித் தோப்புக்காரங்களுக்கு வருசம் முழுக்க நெழல், ஆனா தலைக்கு மேல தேங்காய். 45 நாளைக்கு ஒருக்காப் போடற வெட்டைக் கூட்டத்துக்கு முந்துன வாரத்துல முடிச்சுட்டா காஞ்ச மட்டையும் எறங்கிடும், சமையலுக்குத் தேங்காயும் ஆச்சு. மரத்துல கதண்டுக் கூடு, அதான் பெரிய குளவிக் கூடு, இருக்குதான்னு அண்ணாந்து பாருங்க. அதுக்கு அடியில புகை போட்டீங்கன்னா கூட்டம் தானாக் கலைஞ்சிரும்.

எல்லாத்தையும் விடத் தை ரெண்டாம் நாள், பட்டிப் பொங்கலுக்கு, அதான் மாட்டுப் பொங்கலுக்கு, ஈடு கெடையாதுங்க. மார்கழி கடைசி நாளே வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்து எறவாணத்துலயும் மாடு கட்டற கட்டுத்தரையிலயும் காப்புக் கட்டியிருக்கும். மாட்டைக் கழுவி, கொம்புக்கு வர்ணம் பூசி, பழைய கயிறை மாத்தி, சாயங்காலம் கட்டுத்தரையில பொங்கல் வெச்சு, சாணியில சதுரமாத் தெப்பக்குளம் கட்டி, தண்ணியும் பூவும் நெரப்பி, கன்னுக்குட்டியை மிதிச்சுட்டுப் போக விடறோமல்ல? வெறுஞ்சாணியில கட்டுனா கசிஞ்சு வத்திப் போகும். கொஞ்சம் களிமண் சேர்த்துப் பெசைஞ்சு மத்தியானமே கட்டி வெயில்ல வெச்சாத் தண்ணி நிக்கும். காங்கேயம் கன்னு பொறக்கும்போது செவலையா இருந்து ஆறு மாசத்துல நெறம் மாறும்ங்கறதை, "இது வேற மாட்டோட கன்னா?"ன்னு கேக்கற பெங்களூருப் பேரனுக்கு அங்க நிக்க வெச்சுத்தான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை. 80 பேரும் ஆளுக்கு ஒரு கை சக்கரைப் பொங்கலை மாட்டு வாயில ஊட்டுனா, வேகவெச்ச அரிசியும் வெல்லமும் வயித்துல புளிச்சு, மாடு அசை போடறதை நிறுத்திடும். மறுநாள் மாட்டு டாக்டருக்குத்தான் நோம்பி. மாட்டுக்கு ஒரு கைப்புடி, அதோட நிறுத்திக்கணும். யாரு ஊட்டறதுங்கறதைப் பெரியவங்க சொல்லட்டும்.

இப்ப அக்காவோட மொதல் கேள்வி. கக்கூஸ். ஒண்ணு பத்தாதுங்க, நாங்க மழுப்பலை. நகர்த்தற கழிப்பறை வாடகைக்குக் கெடைக்குது, ரெண்டு எறக்கிடுங்க. அது இட்டேரியில, அதான் வேலிகளுக்கு நடுவுல போற வண்டித்தடத்துல, நுழையாதுன்னா, கெணத்துல இருந்து 100 அடியாவது தள்ளி, சரிவுப் பக்கமா ரெண்டு குழி வெட்டி, கீத்து மறைப்பு கட்டி, பக்கத்துல ஒரு கூடை சாம்பலும் டிரம்முல தண்ணியும். ஆளுக்கு 25 லிட்டர் கணக்குல 2,000 லிட்டர் தண்ணி மொத நாளே தொட்டியில நிக்கணும், ஏன்னா மும்முனைக் கரண்டு நம்ம நோம்பியைக் கேட்டுக்கிட்டு வராது. காரையெல்லாம் தார் ரோட்டுலயே நிறுத்திட்டு வயசானவங்களை டிராக்டர்ல கூட்டிட்டு வாங்க. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்கிற இட்டேரியில ரெண்டு கார் எதிரெதிர வந்தா, எந்த மச்சான் பின்னால எடுக்கறதுங்கறதுல பழைய கோவமெல்லாம் வெளிய வந்துடும்.

கெணறு. இதுல மட்டும் சிரிப்பு வேண்டாமுங்க. நம்ம பக்கத்துக் கெணறு பாறையை வெட்டி எறக்குனது, பல எடத்துல மேல கைப்புடிச் செவுரே கெடையாது. புள்ளைங்க எறங்கறதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்துனா மட்டும் பத்தாது. ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சிருந்தாத் தண்ணியில கரண்டு எறங்கும், நிறுத்துன மோட்டாரை வெவரம் தெரியாத ஒருத்தர் வந்து போட்டும் விடுவார். பியூஸ் கட்டை மூணையும் புடுங்கி ஒரு பெரியவர் மடியில வெச்சுக்கிட்டுக் கெணத்து மேட்டுலயே உட்கார்ந்துக்கணும். படியில வழவழன்னு பாசி இருந்தா வெளக்குமாத்துல தேச்சு விடுங்க. நீச்சல் தெரியாத புள்ளைக்கு இடுப்புல சுரைக்குடுக்கை, தண்ணிக்குள்ள ஒரு ஆளு. உண்டவுடனே யாரையும் எறக்க வேண்டாம்.

ரெண்டாவது கேள்வி. அக்கா சொன்னது நெசம். பல தோட்டத்துல ஆம்பளைங்க புளியமரத்தடியில சீட்டாட, பொம்பளைங்க விடியக்காலம் 4 மணியில இருந்து நின்னே கால் வீங்கிப் போறாங்க. அப்படிக் கூடறதுக்கு மண்டபமே தேவலைன்னு நானே சொல்வேன், எங்க அணித் தலைவர் மொறைச்சாலும் சரி. பகல் சாப்பாட்டைச் சமையக்காரர்கிட்ட விட்டுடுங்க, அதுக்கு எங்க அணி குறுக்க நிக்கலை. மத்தபடி தேங்காய் துருவறது, வெறகு பொளக்கறது, சந்தகை சுத்தறது, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுப் போசி தேய்க்கறது எல்லாம் மாப்பிள்ளைமாருக்கு. நம்ம பக்கம் மாப்பிள்ளை வந்தாத் திண்ணையை விட்டு எறங்க விடமாட்டோம். ஒரு நாளைக்கு அந்த மரியாதையைச் சுருட்டி வைங்க. துருவல் மணையில 20 தேங்காய் துருவுன மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயிச் சட்டினி சரியில்லைன்னு சொல்ல யோசிப்பார்.

மூணாவது, பங்குச் சண்டை. மண்டபத்துல கூடுனா அது வராதுன்னு அக்கா நெனைக்கிறாங்க. வராதுங்க, அங்க வராது. பத்து வருசம் கழிச்சுக் கோர்ட்டுல வரும். நம்ம பத்திரங்களை எடுத்துப் பாருங்க. "கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பங்கும், மோட்டார் பாத்தியமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்"னு எழுதியிருக்கும். மாமூல்னா எது? எந்த வேப்பமரத்துக்கு எந்தப் பக்கம்? முறைத்தண்ணி யாருக்கு எந்தக் கெழமை? அதெல்லாம் எண்பது வயசு அப்பாருக்கும் ஆத்தாளுக்கும்தான் தெரியும். அவங்க நடமாட்டமா இருக்கும்போதே, வெயில் தாழ, நெலத்தோட அளவு வரைபடமான புலப்படத்தைக் கையில வெச்சுக்கிட்டு எல்லாரும் எல்லைக்கல்லைச் சுத்தி ஒரு நடை நடந்து வரணும். பொண்ணுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். தமிழ்நாட்டுல 1989-லயும், நாடு முழுக்க 2005-லயும் பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு சட்டத்தைத் திருத்தியாச்சு. சீர் செஞ்சாச்சேன்னு சொல்லி அவங்களைச் சாலையிலயே உட்கார வெச்சுட்டுப் போனா, அந்த நடைக்கு அர்த்தம் கெடையாது. காணாமப் போன கல்லு இருந்தா அன்னைக்கே குறிச்சு வெச்சு, சர்வேயருக்கு மனுப் போடுங்க. சத்தம் கொஞ்சம் வரும். வரட்டுமுங்க. ராத்திரி அரிசிம்பருப்புக்கு எல்லாரும் ஒரே பாயிலதானே உட்காரணும்?

நடுவர் அய்யா மணியை அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். கெளம்பறதுக்கு முன்னாடி அடுப்புல தண்ணி ஊத்தி வெறகை நனைச்சுட்டுப் போங்க, காஞ்ச கொறங்காட்டுப் புல்லுல ஒரு பொறி போதும். அப்புறம் அந்தப் பியூஸ் கட்டைகளை மடியில வெச்சிருந்த பெரியவர் அப்படியே கார்ல ஏறி ஈரோடு போயிச் சேர்ந்துடப் போறார், வாங்கி மாட்டிடுங்க. ராத்திரி கரண்டு வரும்போது பண்ணையம் பாக்கறவர் டார்ச்சு லைட்டோட அதுகளைத் தேடிக்கிட்டு நிப்பார்.

நன்றி, வணக்கமுங்க.