தோமா சொன்ன ‘என்’னும் எங்கள் ஞாயிறு காலையும்

(தவக்காலத்தில் ஒரு மாலை திருகோணமலையில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மெதடிஸ்த திருச்சபைப் போதகர் ஐயா அவர்களே, எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, மஃரிப் தொழுகை முடிந்த கையோடு நேரே இங்கே வந்திருக்கும் மௌலவி அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, அதிபர்களே, அருட்சகோதரிகளே, மறைக்கல்வி ஆசிரியர்களே, வாசலில் நிற்கும் தம்பிமாரே (முன்னுக்கு வாருங்கள், கதிரை இருக்கிறது), எல்லோருக்கும் வணக்கம்.

குருக்கள் ஐயாவுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கிறிஸ்தவ மேடையில், இயேசுவின் இறைமை பற்றிய பேச்சுக்கு, நீங்கள் வந்து இருப்பது சின்ன விடயம் அல்ல. 1620களில் சிலுவைக் கொடியோடு வந்த போர்த்துக்கேயர் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் வைத்த அந்தக் கல்லில் இரட்டைக் கயல், இரண்டு மீன் சின்னம், இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் தலை குனிகிறேன். வாயில் இயேசு, கையில் கடப்பாரை. எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு: இரண்டு தோணியில் கால் வைக்காதே. இன்று மாலை இதைப் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு ‘இயேசுவின் இறைமையும் நம் ஒப்புக்கொடுத்தலும்’. மூன்று விடயங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, இயேசு கடவுள் என்று திருச்சபை சொல்வதன் பொருள். இரண்டு, அதை ஏற்றுக்கொண்டவன் செய்ய வேண்டியது. மூன்று, இந்த இரண்டையும் சேர்த்து வைக்கிற தூய ஆவியின் வேலை.

இந்தத் தலைப்பை நான் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை. ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன தை மாதம் ஒரு ஞாயிறு, புதுநன்மை வகுப்பு, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கானது. ஒன்பது வயதுப் பொடியன். செருப்பில் மணல், மடியில் டியூசன் பை, கையில் கொம்பாஸ் பெட்டி. எழும்பி நின்று கேட்டான்: “சேர், இயேசு கடவுளா, கடவுளுடைய மகனா?”

நான் வாயைத் திறந்தேன். வெளியே ஹோர்ன் அடித்தது. டியூசன் வான். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் ஓடிவிட்டான். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கேள்வி சின்னப்பிள்ளைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். அதே கேள்விக்காக 325ஆம் ஆண்டில் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். இன்று அது துருக்கியில் இருக்கிறது. பேரரசர் கொன்ஸ்தந்தீன் கூட்டிய சங்கம். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்துக்கொண்டிருந்தார். தன் போதனையைக் கப்பற்காரர்கள் பாடுவதற்குப் பாட்டாகவே கட்டிக் கொடுத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களுக்கு அது எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நிசேயா சொன்ன பதில் இதுதான்: மகன் தந்தையோடு ஒரே பொருளானவர். ஒளியினின்று ஒளியாக. ஒரு விளக்கில் இன்னொரு விளக்கைக் கொளுத்தினால் இரண்டாவது விளக்கின் ஒளி குறைந்த ஒளியா? இல்லையே. ஆகவே, தம்பி, ‘கடவுளா, மகனா’ என்று நீ கேட்டாய். மகன் என்பதனால்தான் கடவுள். மாட்டுக்குப் பிறப்பது மாடு, மனிதனுக்குப் பிறப்பவன் மனிதன், கடவுளின் மகன் கடவுள். அப்புறம் 451இல் கல்சதோன் சங்கம் இன்னொன்றையும் சேர்த்தது: அவர் மெய்யான கடவுள், மெய்யான மனிதர், ஆனால் ஒரே ஆள். இரண்டு தோணியில் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு நிற்பவர் அல்ல.

நிசேயாவுக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஐம்பது அறுபது வருடம் கழித்து நீசா நகர்ப் புனித கிரகோரியார் கொன்ஸ்தாந்திநோப்பிள் கடைத்தெருவைப் பற்றிச் சொல்கிறார். காசு மாற்றப் போனால் மாற்றுகிறவன் ‘பிறந்தவர், பிறவாதவர்’ என்று விளக்கம் சொல்கிறான். பாண் என்ன விலை என்று கேட்டால் ‘தந்தை பெரியவர், மகன் அவருக்குக் கீழே’ என்கிறான். எங்கள் சந்தையில் மீன் விலை கேட்கப் போய் இந்தப் பதில் வந்தால் எப்படி இருக்கும்! எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. எல்லோரும் கதைத்தார்கள். ஆனால் நிசேயாவில் கூடியிருந்தவர்களில் ஒருவர், எகிப்திலிருந்து வந்த ஆயர், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனைக் காலத்தில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர் என்று சொல்வார்கள். அவர் அந்த வார்த்தைக்கு விலை கொடுத்துவிட்டு வந்தவர். கடைத்தெருவில் கதைத்தவர்கள் விலை கொடுக்காதவர்கள்.

இங்கேதான் இரண்டாவது விடயம். இயேசுவின் சீடர் பேதுரு, பிலிப்பு செசரியா என்ற இடத்தில் அவரிடம் என்ன சொன்னார்? ‘நீர் மெசியா, வாழும் கடவுளின் மகன்.’ சரியான பதில், நூற்றுக்கு நூறு. ஆனால் பெரிய வியாழன் இரவு, தலைமைக் குருவின் முற்றத்தில், கரி நெருப்பு பக்கத்தில், அதே பேதுரு ‘அந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்றார். கடவுள் ஒருவர் என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதுகிறார். பதில் தெரிவது மட்டும் போதும் என்றால் பேயும் விசுவாசிதான்.

இன்னொரு சீடர் தோமாவைப் பாருங்கள். சந்தேகப்பட்டவர், சந்தேகத் தோமா என்று நாங்கள் பட்டம் வைத்துவிட்டோம். உயிர்த்த இயேசுவின் காயத்தைக் கண்டதும் அவர் சொன்னது: ‘நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்.’ நற்செய்தி முழுவதிலும் இயேசுவின் முகத்துக்கு நேரே ‘கடவுள்’ என்ற சொல்லைச் சொன்னவர் இவர்தான். அதையும் ‘என்’ என்று சேர்த்துச் சொன்னார். நிசேயா விளக்கிய சொல் ‘கடவுள்’. தோமா கொடுத்த சொல் ‘என்’. ஒப்புக்கொடுத்தல் என்பது அந்த ‘என்’தான். நாங்கள் மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கிறோம், நல்லது. இது நடந்தால் இதைத் தருவேன் என்பது நேர்த்தி. ஒப்புக்கொடுத்தலில் அந்த ‘நடந்தால்’ கிடையாது.

என் அம்மப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான கதை, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

அவர் கரைவலைக்காரர், கரையில் நின்று வலை இழுப்பவர். வலை போடும் கரைப் பங்கைப் ‘பாடு’ என்போம். எங்கள் பாட்டுக்குப் பக்கத்துப் பாடு ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் அவருடைய வாடியை, கரையில் இருக்கும் மீன்பிடிக் கொட்டிலை, அம்மப்பா பார்த்துக்கொள்வார். ஞாயிறு அம்மப்பா பூசைக்குப் போனால் எங்கள் வாடியைக் காக்கா பார்த்துக்கொள்வார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை.

சோளகக் காலம். எனக்கு எட்டு வயது இருக்கும். ஞாயிறு காலை அம்மப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடக்கிறார். வாடிப் பக்கமிருந்து கூக்குரல். பார்த்தால் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் கறுத்துக் கிடக்கிறது. கீரி மீன். மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழும்புகின்றன. அந்த மாதம் முழுக்கக் கடலில் ஒன்றும் இல்லை. வீட்டில் அரிசிக் கடன். தொழிலாளிகள் இருபது பேர் ஓடி வந்து நிற்கிறார்கள். “ஐயா, தோணியைத் தள்ளவா?”

அம்மப்பா கடலைப் பார்த்தார். கோயிலில் முதல் மணி அடித்தது. திரும்பவும் கடலைப் பார்த்தார். அவர் பிடியில் என் விரல்கள் நசுங்கின. அந்த நோவு இப்போதும் என் விரலில் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்: “காக்காவிட்டப் போய்ச் சொல்லு, என்ர பாட்டில அவர்ர வலையப் போடட்டும். நீங்களும் நிண்டு இழுங்கோ. பங்கை அவரிட்ட வாங்குங்கோ.” சொல்லிவிட்டு நடந்தார்.

பூசையில் நாங்கள் முழந்தாளில் நிற்கிறோம். யன்னலால் அம்பா, வலை இழுக்கிறவர்களின் பாட்டு, கேட்கிறது. எங்கள் பாட்டில், எங்கள் ஆட்கள், காக்காவின் வலையை இழுக்கிறார்கள். எழுந்தேற்ற நேரத்தில் அம்பா உச்சத்துக்குப் போனது. மீன் சேரும் வலை மடி கரை தொட்டுவிட்டது என்று எனக்கே விளங்கியது. அம்மப்பா கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மம்மா வாசலிலேயே நிற்கிறா. “உங்கட பக்தியை உலையில போடவா?” அன்றைக்கு முழுக்க வீட்டில் பேச்சு இல்லை. பொழுதுபட்டபோது காக்கா வந்தார், இரண்டு கடகம் நிறைய மீன், மடியில் காசு. அம்மப்பா மீனை வாங்கிக்கொண்டார். காசை வாங்கவில்லை. “வெள்ளிக்கிழமையில உங்கட வாடியில இருக்கிறதுக்கு நான் காசு வாங்கினனானே?” என்றார். காக்கா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். நேரே குசினிப் பக்கப் படலைக்குப் போய்க் காசை அம்மம்மாவின் கையில் கொடுத்தார். அம்மம்மா வாங்கிக்கொண்டா. அம்மப்பா சாகும் வரை அவருக்கு இது தெரியாது. எண்பது வயதில் அம்மம்மா என் காதுக்குள் சொன்னா.

(சிரிக்கிறீர்கள். மௌலவி அவர்களும் சிரிக்கிறார், மகிழ்ச்சி.)

திங்கட்கிழமை கடவுள் அம்மப்பாவுக்கு அதைவிடப் பெரிய மீன் கூட்டம் அனுப்பினார் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். அனுப்பவில்லை. வலை மடியில் வந்தது பாசியும் ஒரு கூடை நெத்தலியும். அம்மப்பா அதற்காக முறைப்படவும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: தன் ஒப்புக்கொடுத்தலுக்கான விலையை அவர் தான் கொடுத்தார். இருபது தொழிலாளிகளின் தலையில் கட்டவில்லை. இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

அந்த டியூசன் வானுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் வீதிகளில் போய்ப் பாருங்கள். டியூசன் மதிலோரம் சைக்கிள் வரிசை, கோயிலில் காலி வாங்கு. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், எல்லாவற்றுக்கும் ஞாயிறு காலைதான் வேண்டியிருக்கிறது. முப்பது பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் இப்போது ஆறு பேர். குருக்கள் ஐயாவைக் கேட்டால் அறநெறி வகுப்பிலும் இதே கதை என்பார். ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் எந்த மாஸ்டரும் வகுப்பு வைப்பதில்லை. யாரும் வந்து தடுக்கத் தேவையில்லாமல் அது நடக்கிறது. எங்களால் ஏன் முடியாது?

டியூசன் மாஸ்டர்மார் என் எதிரிகள் அல்ல. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் சொன்னார்: “சேர், ஞாயிறு காலைதான் எனக்கு ஹோல் கிடைக்குது.” சரி, பின்னேரம் எடுக்க நாங்களே இடம் தருகிறோம், பங்கு மண்டபம் சும்மாதானே கிடக்கிறது. ஓய்வுநாள் சட்டத்தைக் கொண்டு பிள்ளைகளைக் கட்டப் பார்க்கிறீர்கள் என்று இன்னொருவர் சொன்னார். ‘ஓய்வுநாள் மனிதருக்காக’ என்று ஆண்டவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கிழமையில் ஏழு நாளும் கொப்பியோடு திரிகிற ஒன்பது வயதுப் பிள்ளையும் மனிதர்தானே. நிசேயாச் சங்கத்தைக் கூட்டிய அதே கொன்ஸ்தந்தீன், அதற்கு நாலு வருடம் முன்பு, 321இல், ஞாயிறு அன்று நகரத்தில் நீதிமன்றமும் தொழிற்கூடமும் மூட வேண்டும் என்று கட்டளை போட்டார். உழவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்று. கணித வகுப்பு பின்னேரம் நாலு மணிக்கு வைத்தால் அழுகிப் போகாது.

பெற்றோரே, உங்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளை நாங்கள் பறிகொடுத்தோம். அந்தக் கிழமை இந்த மாவட்டத்தில் அழாத வீடு இல்லை. அந்தப் பிள்ளைகள் போன வகுப்புக்குத்தான் இன்று எங்கள் பிள்ளைகளை அனுப்ப நேரமில்லை என்கிறோம். பிள்ளை வீட்டில் செபமாலை சொல்ல வேண்டும், ஞாயிறு காலை கணக்கும் செய்ய வேண்டும். இரண்டு தோணி, பெற்றோரே. தடுமாறி விழுவது பிள்ளை.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரை டியூசன் வேண்டாம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும். கல்விப் பணிமனை அம்மா வந்திருப்பதால் மனுவை அவர் கையிலேயே கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

தூய ஆவியைப் பற்றிய மூன்றாவது விடயம் பாக்கி இருக்கிறது, ஆனால் தலைவர் மணி அடித்துவிட்டார். நன்றியுரை சொல்லத் தங்கச்சி எழும்பி நிற்கிறா. வாசலில் மேசை போட்டிருக்கிறோம். படிவம் மூன்று பக்கம், இரண்டு பேனா நூலில் கட்டியிருக்கிறது. குருக்கள் ஐயாவும் மௌலவி அவர்களும் உள்ளே வரும்போதே கையொப்பம் வைத்துவிட்டார்கள். அந்தப் பொடியனின் அப்பாவும் அம்மாவும் இங்கே இருக்கிறீர்கள், கண்டேன். பிள்ளையை அனுப்புங்கள், அவனுடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வணக்கம்.