மூன்று வால்வும் ஒரு கிளாரினெட்காரன் பட்ட பாடும்

அனைவருக்கும் வணக்கம். கச்சேரிக்கு முன்னால் பேச்சு என்றதும் கடைசி வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். பரவாயில்லை, சீக்கிரம் முடிக்கிறேன்.

நம்மூர் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் முன்வரிசையில் நிற்கும். அந்த நினைப்பில்தான் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், நான் குடியிருந்த ஊரின் பிராஸ் பேண்டில், அதாவது பித்தளை வாத்தியக் குழுவில், போய் இடம் கேட்டேன். அங்கே கிளாரினெட்டுக்கு இடமே கிடையாது. கார்னெட், டெனார் ஹார்ன், யூஃபோனியம், டிராம்போன், டியூபா, கூடவே தாள வாத்தியம். உடம்பெல்லாம் பித்தளையாக இருந்தும் வாயில் ரீட், அதாவது சீவாளி போன்ற நாணல் துண்டு, இருப்பதால் சாக்ஸபோனையே சேர்க்க மாட்டார்கள் என்றால் பாருங்கள்!

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1800களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பேண்டுகளில் கிளாரினெட்டும் கலந்தே ஒலித்தது. வால்வு, அதாவது அழுத்தினால் காற்றுப் பாதையை மாற்றிச் சுரத்தை மாற்றும் பொத்தான், வைத்த பித்தளை வாத்தியங்கள் பரவியபோது அது மெல்ல வெளியே போனது. ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வாசித்து வளர்த்த இசை இது. அதே யார்க்‌ஷயரின் குயின்ஸ்பரியில் ஒரு கம்பளித் துணி ஆலை 1855இல் ஏற்று நடத்திய பிளாக் டைக் பேண்டு இன்றும் வாசிக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று வால்வு வைத்த டெனார் ஹார்னுக்கு ஆள் இல்லை, கருவியும் நாங்களே தருகிறோம் என்றார்கள். இருபது வருடம் கிளாரினெட் வாசித்தவனுக்கு மூன்று வால்வு எம்மாத்திரம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கிளாரினெட்டில் அதிர்வது ரீட். ஹார்னில் அதிர வேண்டியது உதடு. ஒரு வால்வையும் தொடாமல் ஊதினாலே ச வரும், ப வரும், மேல் ச, மேல் க எல்லாம் வரும். எது வர வேண்டும் என்பது உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறது. விரல் சரியாக இருக்கும், சுரம் தப்பாக இருக்கும். முதல் ஒத்திகையில் ப-வைக் குறிவைத்து ஊதினேன். மேல் ச எகிறியது. பக்கத்து நாற்காலியில் பதினான்கு வயதுப் பெண். குழலில் தேங்கிய நீரை அலட்டிக்கொள்ளாமல் தரையில் வடித்துவிட்டு, "ஊதறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள பாடுங்க" என்றாள்.

என் வாத்தியார் தலையில் குட்டிச் சொன்னதும் இதேதான்: பாடிட்டு வாசிடா! கிளாரினெட்டில் விரல் காப்பாற்றியதால் அதை மறந்தே போயிருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் உதடு மரத்துப்போய், மீதி ஒத்திகைக்கு ஊதுவதுபோல நடித்தேன்.

டிசம்பரில் கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டு. அந்தக் குளிரில் கிளாரினெட்டை எடுத்தால் மரம் வெடித்துவிடுமோ என்று பெட்டியைத் திறக்கவே மாட்டேன். ஹார்னுக்கு அந்தப் பயம் இல்லை, சுருதிதான் இறங்கும். இரண்டாவது பாட்டில் அதே ப வந்தது. உள்ளே பாடிக்கொண்டேன், ஊதினேன், சுரம் சரியாக விழுந்தது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.