குளக்கரையில் பத்து வாத்து

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் பின்னால் குட்டையோ குளமோ இருக்கிறவர்கள் பலர், "தண்ணீர்தான் இருக்கிறதே, பத்து வாத்து வாங்கி விடுவோம்" என்று தொடங்குகிறார்கள். கொட்டகையைப் பற்றிய யோசனை, முதல் வாத்தைக் கீரிப்பிள்ளை தூக்கிக்கொண்டு போன பிறகுதான் வருகிறது. நீந்தக் குளமே இல்லாவிட்டாலும் வாத்து பிழைக்கும், முட்டையும் இடும். அலகு முழுவதும் முங்குகிற அளவு ஒரு தொட்டித் தண்ணீர் அதற்குப் போதும். ஆனால் இரவில் காய்ந்த படுக்கை இல்லையென்றால் நிலைக்காது. ஆகவே இன்று கொட்டகையில் தொடங்கிக் குளத்துக்குப் போவோம். கணக்குச் சொல்ல வசதியாகப் பத்து வாத்து என்றே வைத்துக்கொள்வோம்.

கொட்டகையைக் குளத்து விளிம்பில் போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அந்த அடையாளத்திலிருந்து 15, 20 அடி தள்ளி மேடான இடம் பாருங்கள். ஒரு வாத்து இரவில் படுக்க 4 சதுர அடி வேண்டும். பத்துக்கு 40 சதுர அடி, அதாவது 8 அடி நீளம், 5 அடி அகலம். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் நேராக உள்ளே விழாது. வாடைச் சாரலுக்கு வடபுறத்தில் ஒரு சாக்குத் திரை தொங்கவிட்டால் போதும்.

தரையை ஒரு அடி உயர்த்துங்கள். செம்மண் கொட்டி, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து, வாசல் பக்கம் லேசாகச் சரிய விடுங்கள். கூரான ஜல்லியும் சொரசொரப்பான சிமென்ட்டும் வெறுமனே இருந்தால் வாத்தின் பாதத்தில் கீறல் விழும். அது சீழ் கோத்துக் கட்டியாகி, பிறகு நொண்டும். சுவர் கீழே 2 அடிக்குச் செங்கல், அதற்கு மேல் கம்பிவலை. கடையில் கோழிவலை என்று கொடுக்கிற மெல்லிய அறுகோண வலை நாய் கடித்து இழுத்தால் தாங்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கீரியும் பெருச்சாளியும் தோண்டிக்கொண்டு வரும், அதனால் அடித்தளம் ஒரு அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். மரநாய் மேலே ஏறிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்கும். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்தால் குளிர்ச்சி, ஆனால் அந்த இடுக்கை வலை வைத்து அடைத்துவிடுங்கள். கோழி பரணில் ஏறித் தப்பிக்கும். வாத்து தரையில்தான் படுக்கும், வேகமாக ஓடித் தப்பவும் தெரியாது.

வாசல் 3 அடி அகலம் வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு ஓடி வரும். குறுகிய வாசலில் நெரிபட்டுக் கால் பிசகும். வாத்துக்கு உடல் கனம், கால் மெலிவு. அதனால் படிக்கட்டு வைக்காமல் 4 அடி நீளத்தில் ஒரு சாய்வுப் பலகை போட்டு, வழுக்காமல் குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். பிடிக்கும்போதும் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு இறக்கையும் உடலோடு சேர்த்துப் பிடித்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கித் தூக்க வேண்டும்.

தரையின் மேல் உமி 4 அங்குலம். இந்த அளவுக் கொட்டகைக்கு நான்கு பெரிய சாக்கு உமி பிடிக்கும். வாத்தின் எச்சம் பெரும்பகுதி தண்ணீர். கோழிக் கொட்டகையில் மாதக்கணக்கில் தாங்குகிற உமி இங்கே தாங்காது. தினமும் காலையில் கிளறிவிட்டு, ஈரத் திட்டுகளை அள்ளி எருக்குழியில் போட்டு, புது உமி தூவ வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கட்டியாக நின்று உள்ளங்கை நனைந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து, வாத்தின் தலை உயரத்தில் மூச்சை இழுத்தும் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் நமக்குத் தெரியாத நெடி அங்கே கண்ணை எரிக்கும். பத்து வாத்தும் இரவு முழுக்க அதைத்தான் சுவாசிக்கின்றன. வைக்கோல் பரப்புகிறவர்கள் ஈரமானதை உடனே எடுத்துவிட வேண்டும். வைக்கோலில் பிடிக்கிற பூசணம் மூச்சோடு போய் நுரையீரலைக் கெடுக்கும், குஞ்சுகளில் அதிகம்.

எலி ஓடினால், பாம்பு நுழைந்தால், இருட்டில் வாத்துகள் மிரண்டு ஒரே மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு சின்ன விளக்கு எரிந்தால் அந்த மிரட்சி குறையும்.

முட்டைப் பெட்டி மூன்று வாத்துக்கு ஒன்று. ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஒரு அடி உயரம், தரையோடு தரையாக. வாத்து விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இடத் தொடங்கும், 9 மணிக்குள் அநேகமாக எல்லாம் இட்டு முடித்துவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் 6 மணிக்கே திறந்துவிடுகிறவர்கள், "வாத்து முட்டையே இடுவதில்லை" என்று வந்து நிற்கிறார்கள். முட்டை குளத்துக்கு அடியில் கிடக்கும். 9 மணி வரை அடைத்தே வையுங்கள். சேற்றிலும் எச்சத்திலும் கிடக்கிற முட்டையின் ஓட்டு வழியாகக் கிருமி உள்ளே போகும் என்பதால், வாத்து முட்டையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

தீனிக்கு வருவோம். காய்ந்த மாவுத் தீனியை மட்டும் வைத்தால் அலகில் ஒட்டி, தொண்டையில் அடைத்துவிடும். பிசைந்து உதிரியாகக் கொடுங்கள். பக்கத்திலேயே 5, 6 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் தொட்டி இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் மூக்குத் துளையைக் கழுவ முடியாமல் தீனி அடைத்துக்கொள்ளும், கண்ணிலும் பீளை தள்ளும். அடைத்து வளர்த்தால் ஒரு வாத்துக்கு நாளுக்கு 120 முதல் 150 கிராம் தீனி. குளத்திலும் அறுத்த வயலிலும் மேய்ந்தால் நத்தை, புழு, சிந்திய நெல் என்று பாதி வயிறு அங்கேயே நிரம்பும். உடைத்த மக்காச்சோளமோ நொய்யோ நாலு பங்கு, தவிடு மூன்று பங்கு, பிண்ணாக்கு இரண்டு பங்கு, கருவாட்டுத் தூள் ஒரு பங்கு, கொஞ்சம் தாது உப்புக் கலவை. முட்டையிடுகிறவற்றுக்குக் கிளிஞ்சல் தூள் தனித் தட்டில். இரவில் தீனி வைப்பதில்லை என்றால் தண்ணீரும் வேண்டாம், உமி காய்ந்திருக்கும். தீனி வைத்தால் தண்ணீரும் வைத்தே ஆக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கோழியைவிட வாத்துக்கு, அதிலும் குஞ்சுக்கு, அது பல மடங்கு கொடியது. ஈரலைத் தாக்கும், மருந்து கிடையாது. "மாடு தின்னாததை வாத்துக்குப் போடுவோம்" என்று மட்டும் செய்யாதீர்கள். கடலைப் பிண்ணாக்குக்குப் பதில் சோயாப் பிண்ணாக்கு நல்லது.

எந்த இனம் என்று கேட்பீர்கள். நம்மிடம் ஆரணி வாத்து உண்டு; சன்யாசி, கீரி என்று மேய்ச்சல்காரர்கள் பெயர் சொல்லும் நாட்டு வகைகளும் உண்டு. இவை வெயில் தாங்கும், மேய்ந்து தின்னும். முட்டைக்கென்றால் காக்கி கேம்பல். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 280, 300 முட்டை, ஒவ்வொன்றும் 65 கிராமுக்குக் குறையாது. ஆனால் அது அடை உட்காராது. நாட்டுக்கோழி ஒன்றின் கீழ் 10 முட்டை வைத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். மணிலா வாத்து தானே அடை காக்கும், அதற்கு 35 நாள். சத்தம் போடாது, ஆனால் பறந்துவிடும். ஒரு பக்க இறகை மட்டும் கத்தரித்து விடலாம்.

கோழி பொரித்த வாத்துக் குஞ்சைக் குளத்தில் விடக் கூடாது. தாய் வாத்தின் இறகு எண்ணெய் அதன் மேல் படவில்லை. நனைந்து, விறைத்துச் செத்துவிடும். மூன்று நான்கு வாரம் வரை தண்ணீர்த் தட்டு 2 அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே ஏறிக் குளிக்காதபடி கூழாங்கல் போட்டு வையுங்கள். பஞ்சாரத்துக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் வாய் திறந்து இளைத்தால் சுடுகிறது. கீழே செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும். சாக்கு விரியுங்கள். வெறும் நொய்யில் வளரும் குஞ்சுக்கு நியாசின் சத்து பற்றாமல் கால் வில்லாக வளையும். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அந்தச் சத்து அதிகம் தேவை. கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் சத்து மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

இனிக் குளம். மீனும் இருக்கிற குளத்தில் சென்ட்டுக்கு ஒரு வாத்து என்று நினைவில் வையுங்கள். ஏக்கருக்கு 100. பத்து வாத்துக்குப் பத்து சென்ட் குளம். அதுவரை எச்சம் மீனுக்கு உணவாகும், மிஞ்சினால் பாசி பெருகும். இரவில் பாசியே பிராண வாயுவை எடுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அதைக் கண்டால் வாத்துகளைச் சில நாள் குளத்தில் விடாமல், புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மீன் குஞ்சு விடும்போது நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததாக விடுங்கள், சின்னதை வாத்து தின்றுவிடும். கரையைச் சுற்றி அடைத்து, 6 அடி அகலத்தில் ஒரே ஒரு துறை வையுங்கள். இல்லாவிட்டால் அலகால் சேற்றைக் கிளறிக் கிளறிக் கரையையே சரித்துவிடும். துறையில் பழைய தென்னந்துண்டுகளைப் படுக்கையாகப் பதித்தால் வழுக்காது.

பத்தில் ஆண் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆண் கூடினால் தண்ணீரில் ஒரே பெட்டையின் மேல் மாறி மாறி ஏறி, தலையை முக்கிக் கொன்றுவிடும். பெட்டை உரக்கக் கத்தும், ஆணின் குரல் கம்மலாக இருக்கும். வளர்ந்த ஆணின் வாலில் சுருண்ட இறகு தெரியும்.

கோடையில் குளம் சுண்டும்போது செத்த மீன் அழுகும். அதையும் அதிலுள்ள புழுவையும் தின்ற வாத்துக்கு முதலில் கால் வராது, பிறகு கழுத்து தொங்கும், தலையைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கும். பொட்டுலிசம் என்ற நஞ்சு அது. வாத்துகளை வெளியேற்றி, செத்தவற்றை அள்ளி ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். வாத்து பிளேக் என்ற தொற்றுநோய் வேறு. வெளிச்சத்துக்குக் கண் கூசும், கண்ணில் நீர் வடியும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வரிசையாகச் சாகும். அதற்கு எட்டு வார வயதுக்கு மேல் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும். ஒரு குப்பி மருந்து பல வாத்துக்கு ஆகும், கரைத்த மருந்தை மறுநாளுக்கு வைக்கவும் முடியாது. ஊரில் வாத்து வைத்திருப்பவர்கள் பேசி ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழி.

2014இல் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோது வாத்துகளை லட்சக்கணக்கில் அழிக்க வேண்டியதாயிற்று. வாத்து வெளியே நோய் காட்டாமலும் அந்தக் கிருமியைச் சுமக்கும், அதனால் கோழிகளை வேறு கொட்டகையில் வளருங்கள். திடீரென்று பல வாத்து செத்தால் அறுக்காமல், குளத்தில் எறியாமல், அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வலசை வருகிற காட்டு வாத்துகளும் உங்கள் குளத்தில் இறங்கும். சிந்திய தீனி கரையில் கிடந்தால் இறங்கிய இடத்திலேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் தீனித் தட்டு கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும்.

வணக்கம்.