வக்கீலை வழக்கால் அளப்போம்

அனைவருக்கும் வணக்கம். நடுவர் அவர்களே, "பேச்சுரிமைக்காக வாதாடியவரை எடைபோட வேண்டியது அவர் வென்ற வழக்கை வைத்தா, வாழ்ந்த வாழ்க்கையை வைத்தா?" என்று தலைப்புக் கொடுத்தீர்கள். உதாரணத்துக்கு நியூயார்க் வக்கீலும் எழுத்தாளருமான மோரிஸ் எர்ன்ஸ்டையும் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு முன்னால் பேசிய சகோதரி அந்த மனுஷனைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஹூவரோடு சிநேகம் வைத்துக்கொண்டு கடிதம் கடிதமாக எழுதினார் என்றார். உண்மை. டொமினிக்கன் சர்வாதிகாரி த்ருஹியோ தரப்பில் காசு வாங்கிக்கொண்டு, அவரை விமர்சித்து எழுதிக் காணாமல்போன கலிண்டெஸ் என்பவரின் விவகாரத்தில் அந்தச் சர்வாதிகாரிக்குச் சாதகமாக 1958இல் அறிக்கை கொடுத்தார் என்றார். அதுவும் உண்மை. அதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அத்தனை நேரம் பேசிய சகோதரி, அவர் நடத்திய வழக்கில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையே, ஏன்? சொன்னால் தலைப்பு எங்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவருக்கே தெரியும்!

அலபாமாவில் 1888இல் பிறந்தவர் எர்ன்ஸ்ட். பகலில் சட்டை வியாபாரம், மேசை நாற்காலி வியாபாரம் என்று பிழைத்துக்கொண்டு இரவில் சட்டம் படித்தவர். தணிக்கையை எதிர்த்து வில்லியம் சீகிளோடு சேர்ந்து 1928இல் ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த வருஷமே மேரி வேர் டென்னட் வழக்கு. அந்த அம்மா தன் இரண்டு பிள்ளைகளுக்குப் பாலியல் விஷயத்தைப் பொய் கலக்காமல் சொல்லித்தர ஒரு சிறு பிரசுரம் எழுதினார். தபால் துறைக்காரர் ஒருவர், ஒரு பெண்ணின் பெயரில் "எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று கடிதம் போட்டார். அம்மா அனுப்பினார். ஆபாசத்தைத் தபாலில் அனுப்பினாய் என்று வழக்கு! ஜூரி குற்றவாளி என்றது. 300 டாலர் அபராதம். எர்ன்ஸ்ட் மேல்முறையீடு செய்தார். 1930இல் தண்டனை ரத்தானது. பிள்ளைக்கு உண்மை சொன்ன தாயைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பை, ஹூவருக்கு எழுதிய எந்தக் கடிதம் அழித்தது? சகோதரி சொல்லட்டும்.

அடுத்து 'யுலிசஸ்'. ஐரிஷ் எழுத்தாளர் ஜாய்ஸின் அந்த நாவலின் ஒரு பகுதியை வெளியிட்டதே ஆபாசம் என்று 1921இல் இரண்டு பெண் பத்திரிகையாசிரியர்களுக்குத் தலைக்கு 50 டாலர் அபராதம் போட்ட நாடு அது. ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் எர்ன்ஸ்டிடம் வந்தது. அச்சடித்துவிட்டு மாட்டினால் பதிப்பாளர் சிறைக்குப் போகலாம்; அச்சுக்கூலியும் போச்சு. இவர் என்ன செய்தார் தெரியுமா? பாரிஸிலிருந்து ஒரே ஒரு பிரதியை வரவழைத்தார். அது பறிமுதலானால், அச்சடிக்கும் முன்பே வழக்கு நடத்திப் பார்த்துவிடலாம். அதன் உள்ளேயே பெரிய விமர்சகர்களின் பாராட்டுகளை ஒட்டிவைத்தார்கள். புத்தகம் பறிமுதலானால் அந்தப் பாராட்டும் சேர்ந்தே சாட்சியமாகிவிடும் அல்லவா! ஆனால் சுங்கத்துறை கண்டுகொள்ளவே இல்லை. "ஐயா, தயவுசெய்து பறிமுதல் செய்யுங்கள்" என்று இவர் தரப்பே வற்புறுத்த வேண்டியதாயிற்று. நம்மூரில் பறிமுதல் செய்ததை மீட்கத்தான் ஆள் பிடிப்போம்!

கூண்டில் நின்றது மனிதர் இல்லை, புத்தகம். எது ஆபாசம் என்பதற்கான பழைய அளவுகோல் 1868இல் இங்கிலாந்தில் வந்தது: எளிதில் கெட்டுப்போகக்கூடியவன் கையில் கிடைத்தால் என்னாகும் என்று பார்த்து, அங்கங்கே நாலு வரியை உருவிப் படித்துத் தீர்ப்புச் சொல்வது. நீதிபதி வுல்சி அதை ஒதுக்கினார். முழுப் புத்தகத்தையும் படி, சராசரி மனிதனை நினைத்துப் படி என்றார். சில இடங்களில் குமட்டலாம், காம இச்சையைத் தூண்டாது என்று 1933 டிசம்பர் 6இல் விடுவித்தார். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்ததற்கு மறுநாள்! மேல்முறையீட்டிலும் 2க்கு 1 என்று வெற்றி. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி மேன்டன், 1939இல் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். சும்மா ஞாபகம் வந்தது, சொன்னேன். அந்த 1868 அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 1965இலும் கையில் வைத்திருந்தது, கைவிட்டது 2014இல். இதிலிருந்து எர்ன்ஸ்ட் எவ்வளவு முன்னால் நடந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'யுலிசஸ்' விற்பனையில் எர்ன்ஸ்ட் ராயல்டி வாங்கினாரே என்பார்கள். வாங்கினார். தோற்றிருந்தால் ராயல்டி ஏது?

இப்போது எதிரணியின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். 1940இல் ஏ.சி.எல்.யு. என்ற உரிமைச் சங்கம், கம்யூனிஸ்ட் என்பதற்காக எலிசபெத் குர்லி ஃப்ளின்னைத் தன் குழுவிலிருந்து நீக்கியது. எர்ன்ஸ்ட் நின்றது நீக்கியவர்கள் பக்கம். வெட்கக்கேடுதான், நடுவர் அவர்களே. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்சி சிட்டி மேயர் ஹேக், "நானே சட்டம்" என்று பேர் வாங்கியவர். தொழிற்சங்கக்காரர்களைக் கூட்டம் போடவிடவில்லை. துண்டறிக்கை கொடுத்தவர்களைப் போலீஸ் ஊரைவிட்டே விரட்டியது. அந்த வழக்கை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் இதே எர்ன்ஸ்ட். தெருவும் பூங்காவும் மக்கள் கூடிப் பேசுவதற்காக மக்களுக்கு உரியவை என்று நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார்.

கவனியுங்கள். அந்தத் தீர்ப்பில் "கம்யூனிஸ்டுகள் நீங்கலாக" என்று ஒரு வரி கிடையாது. எர்ன்ஸ்ட் குழுவிலிருந்து வெளியே தள்ளிய ஃப்ளின்னும் அதே தீர்ப்பைக் காட்டித் தெருமுனையில் நின்று பேசலாம். மனிதர் குறுகிப்போனார், அவர் வாங்கித்தந்த உரிமை குறுகவில்லை. குறுக்க வேண்டும் என்று அவரே நினைத்திருந்தாலும் முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு கேள்வியோடு உட்காருகிறேன். எதிரணி சொல்வதுபோல் வாழ்க்கைதான் அளவுகோல் என்றால், ஹூவர் கடிதங்கள் வெளிவந்த அன்றைக்கே டென்னட் அம்மாவிடம் அந்த 300 டாலரைத் திரும்ப வசூலித்திருக்க வேண்டுமா, வேண்டாமா? அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.